கொல்கத்தா என்றால் கல்கத்தாவும்

என் அண்ணன் பையன் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறான். புதிதாக ஒரு வசதி செய்தால் அது எந்த ஊர் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும், எந்த ஊருக்குத் தெரியக்கூடாது என்று சொல்வதற்கென்றே தனியாக ஒரு மென்பொருளை அவர்கள் மாதச் சந்தா கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு டேஷ்போர்டு. அதில் வரிசையாகக் குட்டிக் குட்டிச் சுவிட்சுகள். ஒரு சுவிட்சைத் தள்ளுவதற்கு மேலதிகாரிகள் சம்மதம் வேண்டும். தள்ளிய பிறகு எதற்காகத் தள்ளினோம் என்று ஒரு கூட்டம் நடக்கும். இதை எனக்கு விளக்கும்போது ராக்கெட் விட்டவனின் அடக்கம் அவன் குரலில் வந்துவிடும்.

எங்கள் காலத்தில் இது ஒரு ஃபைல். டெஃப்ஸ் டாட் இன்க் என்று பெயர். உள்ளே நாலு ஊருக்கு நாலு வரி. மூன்று வரிகளில் ஒரு புள்ளி இருக்கும், ஒன்றில் இருக்காது. எந்த ஊருக்குப் புள்ளி இல்லையோ அந்த ஊருக்கான புரோகிராம் தயாராகும். சந்தா கிடையாது. கூட்டம் மட்டும் அப்போதும் உண்டு, ஏனென்றால் இது கல்கத்தா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி தேயிலை வாங்கி விற்கும் கம்பெனி. ஆபீஸ் டல்ஹௌசி ஸ்கொயரை ஒட்டிய ஒரு சந்தில். அந்தச் சதுக்கத்துக்கு பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று புரட்சிக்காரர்களின் பெயரைச் சூட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. மினி பஸ் கண்டக்டர் மட்டும் படியில் தொங்கிக்கொண்டு 'டல்ஹௌசி, டல்ஹௌசி' என்றே கூவுவார். பி.பி.டி. பாக் என்று டிக்கெட் கேட்டவரை வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடலாம்.

கொஞ்ச தூரம் நடந்தால் ஆர்.என். முகர்ஜி ரோட்டில் நீல்ஹாட் ஹவுஸ். பெயரிலேயே அவுரிச் சந்தை இருக்கிறது. அவுரி போய்த் தேயிலை வந்தது. கல்கத்தாவில் தேயிலை ஏலம் 1861 டிசம்பரில் ஆரம்பித்தது. நான் பார்த்த காலத்தில் இன்னும் வாயால் விலை கேட்கும் ஏலம்தான். லாட் நம்பரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் நாலு மூலையிலிருந்தும் குரல் வரும், சுத்தியல் விழும், அடுத்த லாட். சாயங்காலம் பென்சில் கிறுக்கலோடு அந்தக் கேட்டலாக்குகள் எங்கள் மேஜைக்கு வந்து சேரும். தோட்டத்தின் பெயர், கிரேடு, எத்தனை பெட்டி, நிகர எடை, கிலோ விலை, பணம் கட்ட வேண்டிய பிராம்ப்ட் தேதி. எல்லாவற்றையும் தட்டிப் பில்லும் டெலிவரி ஆர்டரும் அடித்துக் கொடுப்பது எங்கள் புரோகிராம்.

கம்பெனிக்குக் கல்கத்தா தவிர கௌஹாத்தியிலும் சிலிகுரியிலும் நம் நீலகிரிக் குன்னூரிலும் கிளை இருந்தது. நாலும் ஏலம் நடக்கிற ஊர்கள். நாலு ஊரும் மூன்று மாநிலங்களில். அந்தந்த மாநிலத்துக்கு அதனதன் விற்பனை வரி, அதனதன் படிவம், பில்லில் அதனதன் தலைப்பு. வேலை ஒன்றுதான், ஊருக்கு ஊர் ஓரங்கள்தான் வேறு. நாலு தனிப் புரோகிராம் எழுதினால் ஒன்றில் திருத்தியது மற்ற மூன்றில் விட்டுப்போகும். ஆகவே ஒரே மூலம், ஊர்வாரியாக நாலு பிரதி.

ஊரெல்லாம் டிபேஸும் ஃபாக்ஸ்ப்ரோவுமாக இருந்தபோது நாங்கள் ஏன் பாஸ்கலில் எழுதினோம் என்று கேட்பவர்கள் உண்டு. முதலாளியின் மகன் காலேஜில் படித்தது பாஸ்கல். தொழில்நுட்பத் தேர்வுகளைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்ட விளக்கங்கள் எல்லாம் இதைவிட நீளமானவை, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் பொரோ பாபு. தலைமைக் குமாஸ்தாவை அப்படித்தான் அழைப்பார்கள். சீனியாரிட்டியில் மூத்தவர் என்பதால் கம்ப்யூட்டரும் அவர் பொறுப்பில் வந்தது. இந்தியாவுக்கு முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1950-களின் நடுவில் வந்து இறங்கியது இந்த ஊரில்தான், பராநகரில் மஹலனோபிஸின் புள்ளியியல் கழகத்தில். அடுத்த பத்தாண்டில், ஆயுள் காப்பீட்டுக் கழகம் இங்கே கம்ப்யூட்டர் வைக்க முனைந்தபோது, ஊழியர்கள் கட்டடத்தை இராப்பகலாகக் காவல் காத்து அதை உள்ளே வரவிடாமல் தடுத்ததும் இந்த ஊரில்தான். பொரோ பாபு இளவயதில் அந்தக் காவலில் இருந்த அண்ணனுக்கு டிபன் கேரியர் கொண்டுபோய்க் கொடுத்தவர். இப்போது அவர் மேஜையில் 386 மெஷின். அதன் மேல் எப்போதும் ஒரு துண்டு போர்த்தியிருக்கும். மரியாதையா பகையா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

பாஸ்கலை 1970-ல் சூரிக்கில் வகுத்த நிக்லாஸ் விர்த், ஊருக்கு ஒரு பிரதி எடுக்கும் இந்த வித்தையை மொழிக்குள் வைக்கவில்லை. அதைப் பின்னால் வந்த கம்பைலர்காரர்கள் குறிப்புரைக்குள் ஒளித்து வைத்தார்கள். நெளிவு அடைப்புக்குள் எழுதுவது மனிதருக்கான குறிப்பு, கம்பைலர் அதைத் தாண்டிப் போய்விடும். அடைப்பைத் திறந்தவுடன் ஒட்டினாற்போல் ஒரு டாலர் குறி இருந்தால் மட்டும் நின்று படிக்கும், அது கட்டளை. டாலருக்கு முன்னால் தவறி ஓர் இடைவெளி விழுந்தால் மறுபடி வெறும் குறிப்பு. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. இதையே வசதியாக்கி, ஒரு கட்டளையைத் தூங்க வைக்க வேண்டுமானால் டாலருக்கு முன் ஒரு புள்ளி வைப்பது பாஸ்கல்காரர்களின் வழக்கம். புள்ளியை எடுத்தால் கட்டளை விழித்துக்கொள்ளும். கௌஹாத்திக் கிளையின் வரவு செலவு முழுவதும் அப்படி ஒரு புள்ளியில் நின்றது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடுத்த பிரதியில் அது புள்ளியா, ரிப்பன் தூசியா என்று பொரோ பாபு பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

போர்லாண்ட் கம்பெனியின் டர்போ பாஸ்கல் 1983-ல் 49 டாலர் 95 சென்ட்டுக்கு வந்தது. எங்கள் ஆபீஸுக்கு என்ன விலைக்கு வந்தது என்று யாரும் பேசுவதில்லை. அதை எழுதிய ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் பிற்பாடு மைக்ரோசாஃப்ட் போய் சி ஷார்ப் செய்தார். 1987-ல் வந்த நாலாவது பதிப்பில் இரண்டு வரங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று யூனிட்: புரோகிராமைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கம்பைல் செய்து வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று நிபந்தனைக் குறி: டிஃபைன் என்று ஒரு பெயரை அறிவித்துவிட்டால், இஃப்டெஃப் என்று கேட்டு, அந்தப் பெயர் இருந்தால் இந்த வரிகளைச் சேர், இல்லாவிட்டால் அந்த வரிகளைச் சேர் என்று சொல்லலாம். குறிக்கு மதிப்பு ஒன்றும் கிடையாது. இருக்கிறதா, இல்லையா. அவ்வளவே.

இரண்டு வரமும் ஒன்றாக வந்ததில்தான் வினை. யூனிட் தனித்தனியாகக் கம்பைல் ஆகிறது என்றால், ஒரு ஃபைலில் அறிவித்த குறி அந்த ஃபைலோடு சரி. அடுத்த யூனிட்டைத் தொடங்கும்போது கம்பைலர் சிலேட்டைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும். மெயின் புரோகிராமில் நீங்கள் கௌஹாத்தி என்று உரக்கச் சொல்லியிருக்கலாம். வரி போடும் யூனிட்டின் காதில் அது விழாது.

வங்காளிகளுக்கு இதை விளக்குவது சுலபம். ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்திலும் பாஸ்போர்ட்டிலும் ஒரு பெயர், கவிதை மாதிரி நீளமாக. வீட்டில் கூப்பிட இன்னொன்று: கோக்கா, புபாய், டுக்டுக். வழுக்கை விழுந்த மேனேஜருக்கும் வீட்டில் அதே பெயர்தான். ஒருநாள் யாரோ ஒரு மாமி எங்கள் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணி, 'டுக்டுக் இருக்கிறானா' என்று கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லி ஆபரேட்டர் பெண் ஃபோனை வைத்துவிட்டாள். டுக்டுக் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பெட்டித் தேயிலைக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்னது பொய்யில்லை. அந்தப் பெயரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்து, பிறகு வெளிநாடு போய்விட்டவர், ஊர்க் குறியை மெயின் புரோகிராமின் உச்சியில் மட்டும் எழுதி வைத்திருந்தார். பில்லின் தலைப்பு அடிப்பது மெயின் புரோகிராம், ஆகவே தலைப்பு கௌஹாத்தி. வரி கணக்கிடுவது தனி யூனிட், அதன் காதில் எதுவும் விழாததால் இஃப்டெஃப்பின் 'இல்லாவிட்டால்' பகுதிக்குப் போய், சொந்த ஊரான கல்கத்தா வரியைப் போட்டுவிட்டது. அஸ்ஸாம் தலைப்பில் மேற்கு வங்க வரி. கௌஹாத்தி ஃபேன்சி பஜாரில் ஒரு வியாபாரிதான் அதைக் கண்டுபிடித்தார். கிளை மேனேஜர் எஸ்டிடியில் பேசிய மொழியை இங்கே எழுத முடியாது.

இதைச் சரிசெய்ய முனைந்தவர்கள் செய்ததுதான் நான் ரசித்த பகுதி. முதலாளியின் மகன் வந்தார். ஆப்ஷன்ஸ் மெனுவைத் திறந்தால் கம்பைலர் பகுதியில் குறிகளை எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினால் எல்லா யூனிட்டுக்கும் கேட்கும். உண்மை. ஆனால் அது அந்த மெஷினில் மட்டும். என் மெஷினில் கம்பைல் செய்தால் கல்கத்தா, அவர் மெஷினில் செய்தால் கௌஹாத்தி. தவிர, கட்டத்தில் பெயரை மாற்றிவிட்டு எஃப்9 தட்டினால் எதுவும் மாறாது. எஃப்9 என்பது மேக். மூல ஃபைலின் தேதி மாறியிருந்தால் மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். குறி மாறியதற்குத் தேதி கிடையாதே. பழைய யூனிட்டையே எடுத்து ஒட்டிக் கொடுத்துவிடும். பில்ட் என்று கொடுத்தால்தான் எல்லாவற்றையும் அடியோடு புதிதாகச் செய்யும். இந்த வித்தியாசத்தைப் பொரோ பாபுவுக்குச் சொன்னேன். 'அப்படியானால் மேக் எதற்கு?' என்றார். நேரம் மிச்சம் பிடிக்க என்றேன். நேரத்தை மிச்சம் பிடித்து என்ன செய்வது என்பது போல் ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ சொன்னார்.

அடுத்த யோசனை இன்னும் நயமானது. குறிகள் எல்லாவற்றையும் ஒரு யூனிட்டில் எழுதி, மற்ற யூனிட்டுகள் அதை 'யூசஸ்' என்று சேர்த்துக்கொள்வது. கேட்கும்போது அறிவார்ந்த யோசனையாகத்தான் படும். மாறிலி, வகை, மாறி, செயல்முறை எல்லாம் யூனிட் வழியே பகிரப்படுகின்றன, குறி மட்டும் என்ன பாவம் செய்தது? ஆனால் குறி மொழியைச் சேர்ந்ததே இல்லை. கம்பைலர் படிக்கும்போது காதில் வைத்துக்கொள்ளும் ரகசியம் அது. யூனிட் கம்பைல் ஆகி முடிந்ததும் ஆவியாகிவிடும். 'சிம்பல்ஸ்' என்ற அந்த யூனிட் பல மாதங்கள் எல்லா ஃபைலிலும் மரியாதையாகச் சேர்க்கப்பட்டு, எந்த வேலையும் செய்யாமல் இருந்தது. கம்பெனியில் அது ஒன்றுதான் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் வழி மிகவும் மட்டமானதாக, அதாவது சரியானதாக, இருந்தது. குறிகளை யூனிட்டாக இல்லாமல் வெறும் உரையாக ஒரு ஃபைலில் எழுதி, ஒவ்வொரு யூனிட்டின் தலையிலும் அதை இன்க்ளூட் செய்கிற ஒரு வரி. இன்க்ளூட் என்றால் கம்பைலர் அந்த ஃபைலை அந்த இடத்திலேயே விரித்துப் படிக்கும், நீங்களே கையால் தட்டியது போல. ஆகவே ஒவ்வொரு யூனிட்டும் தானே அறிவித்ததாக ஆகிவிடும். இன்னொரு லாபம்: இன்க்ளூட் ஃபைலின் தேதி மாறினால் மேக்கே அதைக் கவனித்து, அதைச் சேர்த்திருக்கும் எல்லா யூனிட்டையும் மறுபடி கம்பைல் செய்யும். புள்ளியை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நகர்த்திவிட்டு எஃப்9 தட்டினால் போதும். சில வினாடிகளில் முடிந்துவிடும். லோட்ஷெடிங் வருவதற்குள் முடிக்கக்கூடிய வேலைகள் அந்த ஆபீஸில் அதிகம் கிடையாது.

பொரோ பாபு இதற்கு ஒரு ரிஜிஸ்டர் போட்டார். தேதி, எந்த ஊர்ப் புள்ளி எடுக்கப்பட்டது, எந்த ஊருக்கு வைக்கப்பட்டது, கையெழுத்து. 'புள்ளி மாற்றப் பதிவேடு' என்று வங்காளத்தில் அட்டையில் எழுதி, பிரவுன் பேப்பர் சுற்றி வைத்தார். நான் அப்போது சிரித்தேன். இன்று அண்ணன் பையனின் டேஷ்போர்டில் யார், எப்போது, எந்தச் சுவிட்சைத் தள்ளினார் என்று தானாகப் பதிவாகும் பக்கத்தைக் காட்ட, கூடுதல் கட்டணம் வாங்குகிறார்களாம்.

இன்னொரு ஆபத்து இருந்தது. இஃப்டெஃப்பில் ஒரு பெயரைத் தவறாக எழுதினால் கம்பைலர் அதைத் தவறு என்று சொல்லாது. அப்படி ஒரு குறி இல்லை, ஆகவே 'இல்லாவிட்டால்' என்று போய்விடும். கௌஹாத்தியை ஆங்கிலத்தில் பழைய முறையில் ஜி-ஏ-யு என்று எழுதுகிறவர்களும் புதிய முறையில் ஜி-யு-டபிள்யு என்று எழுதுகிறவர்களும் ஒரே ஆபீஸில் இருந்தார்கள். பாதி யூனிட்டில் அது, பாதியில் இது. என் கட்சி என்னவென்றால், முடிகிற இடத்தில் எல்லாம் குறிக்குப் பதில் சாதாரண மாறிலியை ஒரு யூனிட்டில் வைத்து 'இஃப்' என்றே கேட்டுவிட வேண்டும். எழுத்து பிசகினால் கம்பைலர் தெரியாத பெயர் என்று நிறுத்திவிடும். ஒருபோதும் ஓடாத பகுதியை டர்போ பாஸ்கல் தானே கழித்தும் விடும். ஆனால் யூசஸ் பட்டியலையோ அறிவிப்புகளையோ ஊருக்கு ஊர் மாற்ற அது உதவாது. அதற்குக் குறிதான்.

ஆகவே டெஃப்ஸ் ஃபைலின் அடியில் ஒரு பொறி வைத்தோம். நாலு ஊரில் எதுவுமே அறிவிக்கப்படவில்லை என்றால், பாஸ்கல் இலக்கணத்துக்கு ஒவ்வாத ஒரு வரி எதிர்ப்படும். கம்பைலர் அங்கே முட்டிக்கொண்டு நின்றே ஆக வேண்டும். அந்த வரியைப் பொரோ பாபுவே ரோமன் எழுத்தில் சொல்லித் தட்டச் சொன்னார்: 'ஷொஹோர் கோத்தாய்?' ஊர் எங்கே என்று. கர்சர் அந்தக் கேள்வியின் மேல் போய்க் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

ஃப்ளாப்பி போய்ச் சேருவது தனி அத்தியாயம். குன்னூருக்கு என்றால் ஹவுராவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறுகிற யாராவது தெரிந்தவரைப் பிடிக்க வேண்டும். லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்க வருகிற தமிழர்களில் மாதத்துக்கு ஒருவராவது மெட்ராஸ் போவார். அங்கிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ். மழைக்காலத்தில் ஃப்ளாப்பியில் பூஞ்சை பூத்துவிடும் என்பதால் இரண்டு பிரதி. இன்று அண்ணன் பையன் ஒரு பட்டனைத் தட்டினால் சில நிமிஷத்தில் உலகம் முழுவதும் புதுப் பதிப்பு போய்ச் சேருகிறது. தவறும் அதே வேகத்தில் போய்ச் சேருகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். எங்கள் தவறுகளுக்கு ரிசர்வேஷன் கிடைக்கவே நாளாகும்.

பிறகு 2001 ஜனவரி 1 வந்தது. அன்றிலிருந்து ஊரின் பெயர் ஆங்கிலத்திலும் கொல்கத்தா. பொரோ பாபு ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். 'நாங்கள் பிறந்ததிலிருந்து கொல்கத்தா என்றுதான் சொல்லி வருகிறோம், இதில் என்ன புதுசு' என்றார். அவருக்குப் புதுசில்லை, ஆனால் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு உற்சாகம். லெட்டர்ஹெட் மாறுகிறது, ரப்பர் ஸ்டாம்ப் மாறுகிறது, புரோகிராமும் மாற வேண்டாமா? டெஃப்ஸ் ஃபைலைத் திறந்து கல்கத்தா என்ற குறியை அழித்துக் கொல்கத்தா என்று எழுதினான். பொறியிலும் பெயரை மாற்றிவிட்டான், பொறுப்பான பையன். எஃப்9. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் யூனிட்டுகளில் இறைந்து கிடந்த இஃப்டெஃப்கள் எல்லாம் இன்னும் கல்கத்தாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. அப்படி ஓர் ஊர் இல்லை என்று கம்பைலர் கல்கத்தாவுக்கான வரிகள் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. நகரமே பில்லிலிருந்து மறைந்துபோனது.

எல்லா யூனிட்டிலும் தேடி மாற்றலாம் என்றான் பையன். மாற்றலாம்தான். ஆனால் பழைய வருஷங்களின் பிரதியை வரி அதிகாரிக்காகத் திரும்ப எடுக்க வேண்டி வரும், அவற்றில் பழைய குறி. நான் டெஃப்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன்: கொல்கத்தா அறிவிக்கப்பட்டிருந்தால் கல்கத்தாவையும் அறிவி. புதுப்பெயரைச் சொன்னாலும் பழைய யூனிட்டுகள் திரும்பிப் பார்க்கும்.

பையனுக்கு அது அழகாகப் படவில்லை. இரண்டு பெயரா, ஒரே நேரத்திலா என்றான். ஜன்னலுக்கு வெளியே கை காட்டினேன். அங்கே இருந்தது கல்கத்தா ஹைகோர்ட், இன்றும் அதுதான் பெயர். 2016-ல் பெயரை மாற்ற மக்களவையில் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. கல்லூரித் தெருவில் கல்கத்தா பல்கலைக்கழகம். டம்டம் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களின் பெட்டியில் இன்னும் சிசியு என்றுதான் சீட்டு ஒட்டுகிறார்கள். நம் சென்னையிலும் மெட்ராஸ் ஹைகோர்ட், மெட்ராஸ் பல்கலைக்கழகம். கொல்கத்தா என்றால் கல்கத்தாவும் என்ற அந்த வரியை அரசாங்கமே எங்கோ ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்கிறது.

டாஸ் காலம் எப்போதோ முடிந்திருக்க வேண்டியது. எங்களை உதைத்து வெளியே தள்ளியது வேகம்தான். பென்டியம் 2 மெஷின்கள் வந்தபோது, டர்போ பாஸ்கலின் சிஆர்டி யூனிட்டைச் சேர்த்த புரோகிராம்கள் திறந்தவுடனே 'ரன்டைம் எரர் 200' என்று விழுந்தன. எவ்வளவு வேகமான மெஷின் என்று அளந்து பார்க்கும் கணக்கில், விடை ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் வழிந்ததுதான் காரணம். பழைய மெஷினில் நொண்டிக்கொண்டு ஓடியது புது மெஷினில் வேகம் தாங்காமல் செத்தது. ஒட்டு போட்டு ஓட்டலாம், ஓட்டினோம். பிறகு டெல்ஃபிக்கு மாறினோம்.

டெல்ஃபியில் ப்ராஜெக்ட் ஆப்ஷன்ஸில் 'டைரக்டரீஸ், கண்டிஷனல்ஸ்' என்று ஒரு பக்கம். குறிகளை அங்கே எழுதினால் ப்ராஜெக்ட் முழுவதற்கும் கேட்கும். இனி டெஃப்ஸ் ஃபைல் எதற்கு என்று எல்லோரும் அதற்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். அந்தப் பக்கத்தில் எழுதியது டாஃப் என்ற நீட்டிப்புள்ள ஒரு குட்டி ஃபைலில் போய் உட்கார்ந்திருந்தது. சிலிகுரிக்குப் பிரதி எடுத்தவர் பாஸ் ஃபைல்களையும் ஃபார்ம்களையும் எடுத்துக்கொண்டு, பெயர் தெரியாத இந்தக் குட்டியை விட்டுவிட்டார். சிலிகுரியில் கம்பைல் ஆன புரோகிராமுக்குத் தான் எந்த ஊர் என்றே தெரியவில்லை. டெஃப்ஸ் ஃபைல் மறு வாரமே திரும்பி வந்தது. அந்தப் பக்கமும் இருந்தது. இரண்டு இடத்தில் சொன்னால் இரண்டில் ஒன்று தவறாகத்தான் இருக்கும் என்பதற்கும் நாள் அதிகம் பிடிக்கவில்லை.

வாட் வரி வந்தது. மேற்கு வங்கத்துக்கு 2005 ஏப்ரலில், அஸ்ஸாமுக்கு மே மாதம், தமிழ்நாட்டுக்கு 2007 ஜனவரியில். நடுவில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கொல்கத்தா புது யுகத்திலும் குன்னூர் பழைய யுகத்திலும் இருந்தன. ஊர்க் குறியோடு வரிக் குறியும் சேர்ந்தது. இஃப்டெஃப்புக்குள் இஃப்டெஃப், அதற்குள் இன்னொன்று. எண்டிஃப் எந்த இஃப்டெஃப்புக்கு உரியது என்று பக்கத்தில் குறிப்பு எழுதி வைப்போம், அந்தக் குறிப்பும் தவறாகும். பிறகு 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து, நாடு முழுவதற்கும் ஒரே வரி என்றார்கள். ஊருக்கு ஊர் வரி என்ற பேச்சே போயிற்று. எங்கள் இஃப்டெஃப்களில் பாதிக்கு மேல் அன்று இரவே பிணமாயின. யாரும் எடுத்துப் புதைக்கவில்லை. இன்னும் அப்படியே கிடக்கின்றன, கம்பைலர் தினமும் அவற்றைத் தாண்டிப் போகிறது.

அண்ணன் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண் சிவந்து, வீட்டுக்கு வந்தான்.

'ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல சித்தப்பா. ஃப்ளாகை ஆன் பண்ணிட்டோம், பாதி சர்வீசுக்கு அது தெரியவே இல்ல.'

'எங்கடா ஆன் பண்ணினே?'

'மெயின் கன்டெய்னர்ல. என்விரான்மென்ட் வேரியபிள்ல.'

'மத்ததுக்கு யார் சொன்னா?'

'அதுங்களும் எடுத்துக்கும்னு நெனச்சாங்க.'

பிறகு எப்படிச் சரி செய்தீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஃபைல் வைத்தார்களாம். ஒவ்வொரு சர்வீசும் எழுந்தவுடன் முதல் வேலையாக அதைப் படிக்கும். அதற்குக் கம்பீரமான ஒரு பெயர் சொன்னான், சிங்கிள் சோர்ஸ் ஆஃப் ட்ரூத் என்று. உண்மையின் ஒரே ஊற்று. அதை முன்மொழிந்தவருக்கு அந்தக் காலாண்டில் பதவி உயர்வாம். நான் இரண்டாவது தோசை வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

பழைய கம்பெனிக்கு இப்போதும் வாரத்தில் ஓரிரு நாள் போய் வருகிறேன். ஏலம் கம்ப்யூட்டர் திரைக்குப் போய் வருஷங்களாகிவிட்டன, நீல்ஹாட் ஹவுஸில் அந்தக் குரல்கள் இல்லை. எங்கள் புரோகிராம் இன்று லாசரஸில் இருக்கிறது, அடியில் ஃப்ரீ பாஸ்கல் கம்பைலர். இலவசம், நேர்மையாகவே இலவசம். இங்கேயும் ப்ராஜெக்ட் ஆப்ஷன்ஸில் மைனஸ் டி போட்டு ஒரு குறியைக் கொடுத்தால் ப்ராஜெக்டின் யூனிட்டுகளுக்குக் கேட்கும். அது பயன்படுத்தும் பேக்கேஜ்களுக்குக் கேட்காது. பேக்கேஜ்களுக்கும் போய்ச் சேர வேண்டுமானால் 'அடிஷன்ஸ் அண்ட் ஓவர்ரைட்ஸ்' என்று வேறொரு பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும். 1987-ல் யூனிட்டின் சுவரில் நின்ற குரல் இன்று பேக்கேஜின் சுவரில் நிற்கிறது. வளர்ச்சிதான்.

இங்கே ஃபேட்டல் என்று ஒரு முறையான கட்டளையே உண்டு, கம்பைலரை நாகரிகமாக நிறுத்த. இப்போதைய பையன் 'ஷொஹோர் கோத்தாய்' வரியை எடுத்துவிட்டு அதைப் போட்டான், ஆங்கிலத்தில் 'ஊர் வரையறுக்கப்படவில்லை' என்ற செய்தியோடு. சரியான திருத்தம், மறுக்கவில்லை. செய்தியை மட்டும் பழையபடி வங்காளத்துக்கு மாற்றச் சொன்னேன், மாற்றினான்.

நாலு ஊரில் குன்னூர் ஒன்றுதான் இதுவரை தொந்தரவு கொடுக்காதது. தமிழில் குன்னூர், ஆங்கிலத்தில் வெள்ளைக்காரன் எழுதிய கூனூர், யாரும் மாற்றவில்லை. போன மாதம் முதலாளியின் பேரன் என்னைக் கூப்பிட்டு, நீலகிரியில் இன்னொரு கிளை திறக்கப் போகிறோம், ஊட்டிக்கு ஒரு குறி சேர்க்க வேண்டும் என்றார். எந்தப் பெயரில் என்று கேட்டேன். ஊட்டி என்றார். அரசாங்கப் பதிவில் உதகமண்டலம், பழைய ஆவணங்களில் ஊட்டகமண்ட், உள்ளூர் பஸ்ஸில் உதகை என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கோத்தகிரி எப்படி என்று கேட்டார்.